சொட்டுநீர் சொன்ன செய்தி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை இயற்பியல்)

சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள். சிறு துளி பெருஞ்சண்டையும் ஆகும் என்பதைச் சென்ற ஐப்பசி மாதத்தில் என் வீட்டிலேயே கண்டேன். கூரையிலிருந்து சொட்டிய நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடப் புறப்பட்ட கதை இது. தேடியது தண்ணீரைத்தான். ஆனால் கண்டது தண்ணீரை மட்டும் அன்று.

திருப்பூரில் மங்கலம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு இருக்கிறது. வீடு என்று சொன்னாலும் அதில் பாதி தொழிற்கூடம். முன்னறையில் ஓர் ஓவர்லாக் இயந்திரம், ஒரு பேட்லாக், ஒரு சிங்கர். அப்பாவும் அம்மாவும் தைப்பார்கள். கல்லூரி விட்டு வந்ததும் நான் கைமடி வேலை பார்ப்பேன். பனியன் கம்பெனியிலிருந்து வெட்டிய துண்டுகள் கட்டுக்கட்டாக வரும். தைத்து, பிசிறு வெட்டி, எண்ணிக் கட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பீஸ் ரேட் கணக்கில் கூலி. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து நமக்குப் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்காகச் சொன்னேன்.

வீட்டின் மேல்தளத்தில் பாதிக்கு ஓர் அறையும் குளியலறையும் கட்டியிருக்கிறோம். மறுபாதி திறந்த மொட்டைமாடி. மேலறையில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கணவர் நிட்டிங் கம்பெனியில் இரவு ஷிப்ட், மனைவி செக்கிங் வேலை, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. தமிழ் அரைகுறையாகத்தான் வரும். என் தாயாரை ‘அக்கா’ என்றும் தந்தையாரை ‘அண்ணா’ என்றும் அழைப்பார்கள்.

புரட்டாசிக் கடைசியில் முன்னறைக் கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரம் தெரிந்தது. நாங்கள் பொருட்படுத்தவில்லை. தீபாவளி நெருங்கும் நேரம், தலைக்கு மேல் வேலை. தலைக்கு மேலே பார்க்க யாருக்கு நேரம்? ஒரு நாள் காலையில் அம்மா கட்டை அவிழ்த்தபோது வெள்ளைத் துண்டுகளில் செம்பழுப்பு நிறத்தில் கறை படர்ந்திருந்தது. கூரையிலிருந்து இரவெல்லாம் சொட்டிய நீர் மேல்கட்டு இரண்டையும் நனைத்துவிட்டது. மொத்தம் பத்து டஜன். துவைத்துப் பார்த்தோம், கறை வெளிறியதே தவிரப் போகவில்லை. கம்பெனியில் துணி விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வார உழைப்பு ஒரே இரவில் நனைந்து போயிற்று.

கறை இருந்த இடத்துக்கு நேர் மேலே இருப்பது மேல்வீட்டாரின் குளியலறை. இதற்கு மேல் சாட்சி எதற்கு? அப்பா தீர்ப்பே எழுதிவிட்டார்.

“மேல புழங்கற தண்ணிதான் எறங்குது. சொன்னாக் கேக்கறதில்ல. இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிடலாம்.”

“ஏனுங்க, எதுக்கு அவசரம்? தீவாளி நேரத்துல கைப்புள்ளையோட அவங்க எங்க போவாங்க?” என்றார் அம்மா.

அன்று மாலையே அப்பா மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்மணிக்கு முழுவதும் புரிந்ததோ இல்லையோ, ‘காலி’ என்ற சொல் புரிந்துவிட்டது. “அண்ணா, தண்ணி நான் இல்லை, நான் இல்லை” என்று இரண்டு முறை சொன்னார். அந்தக் குரல் இரவெல்லாம் என் காதில் இருந்தது. நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீட்டை மூன்று முறை எடுக்காமல் பதிவேட்டில் எழுத விடமாட்டார்கள். ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் முடிவுக்கு ஓர் அளவீடுகூட எடுக்கவில்லையே என்று தோன்றியது. மறுநாள் அப்பாவிடம் பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன்.

“இதுக்கு ஆராய்ச்சி வேற வேணுமாக்கும்?” என்றார். ஆனால் மறுக்கவில்லை.

முதல் வேலையாகக் கட்டுகளை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். பிறகு ஏணியில் ஏறிக் கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து, தேதியும் மணியும் எழுதினேன். நாள்தோறும் காலையும் மாலையும் பார்ப்பது, கோட்டைத் தாண்டியிருந்தால் புதுக் கோடு வரைவது, அன்று வீட்டில் நீர் தொடர்பாக நடந்தவற்றை ஒரு நோட்டில் குறிப்பது. இவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

நீர் வரக்கூடிய வழிகள் மூன்று: மழை, மேல்வீட்டுக் குளியலறை, எங்கள் தொட்டியும் குழாய்களும். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் எஞ்சுவது குற்றவாளி என்று கணக்குப் போட்டேன்.

மழை தானாகவே பாதி விலகியது. தொடர்ந்து எட்டு நாள் வானம் வெளுத்திருந்தும், அதில் ஓர் இரவு கறை கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை நகர்ந்திருந்தது. மழை இல்லாமலும் நீர் வருகிறது என்பது உறுதியாயிற்று.

அடுத்தது குளியலறை. மேல்வீட்டுக்காரரிடம் கையாலும் வாயாலும் விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்தது. தன் மேல் விழுந்த பழியைச் சோதிக்க வந்தவனுக்கு அவரே வாளி சுமந்தார். கழிவுநீர்த் துளையைத் துணியால் இறுக அடைத்துத் தரையில் இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்தினோம். அன்று இரவு அவர்கள் குளிக்கவும் துவைக்கவும் இல்லை. காலையில் நீர்மட்டம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. கீழே பென்சில் கோடும் அப்படியே இருந்தது. ஒருவேளை தரையில் குறையில்லாமல் கழிவுக் குழாயில் விரிசல் இருந்தால்? அடைப்பை எடுத்து மேலும் பத்து வாளி நீரை ஒரே மூச்சில் ஊற்றினோம். மாலை வரை கோடு அசையவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். “அப்பறம் எங்கிருந்து வருதாம்?” என்று கேட்டார். கேள்வியில் கோபம் சற்றுக் குறைந்திருந்தது.

மூன்றாவது தொட்டியும் குழாய்களும். ஓர் இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தொட்டியின் உட்புறத்தில் நீர்மட்டத்தைக் குறித்தேன். பத்து மணி நேரம் கழித்தும் மட்டம் இறங்கவில்லை. இறங்கு குழாய்களின் மேல் ஒரு நீண்ட திருப்புளியின் முனையை வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். மண்ணுக்குள் புதைந்த குடிநீர்க் குழாய்களில் கசிவைக் கண்டறிய, ஊர் அடங்கிய இரவில் இரும்புக் கம்பியைச் சாலையில் ஊன்றிக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் உண்டு. அழுத்தத்தில் பீறும் நீர் குழாயில் இரைச்சலை உண்டாக்கும். அந்த இரைச்சல் உலோகத்தின் வழியே நன்றாகக் கடத்தப்படும். எங்கள் குழாய்களில் எந்த ஓசையும் இல்லை.

மழை இல்லை, குளியலறை இல்லை, குழாய் இல்லை. மூன்று வழியும் அடைந்துவிட்டது, ஆனால் நீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. என் அறிவியல் அங்கே தடுமாறி நின்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாள்காட்டியை மட்டும் ஒரு முறை பார்த்தார்.

விடையைத் தந்தது என் நோட்டுத்தான். கறை வளர்ந்த இரவுகளை வட்டமிட்டுப் பார்த்தேன். மழை நின்றபின் வளர்ந்தது இரண்டே இரவுகள். இரண்டும் எங்கள் சந்துக்குக் குடிநீர் வந்த இரவுகள். நம் ஊரில் தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. வரும் இரவில் வீடே திருவிழாவாகும். அனைவரும் குடங்களோடு வாசலில் நிற்போம். நிலத்தொட்டி நிறைய நிறைய மோட்டார் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். மாடித்தொட்டி நிறைந்து வழியும் ஓசை வாசல் சந்தடியில் கேட்காது. மற்ற நாட்களில் அம்மா வழியும் ஓசை கேட்டவுடன் நிறுத்திவிடுவார். தண்ணீர் வரும் நாளில் மட்டும் அரைமணி நேரம்கூட வழிந்துகொண்டிருக்கும். வழியும் நீர் மொட்டைமாடித் தளத்தில் ஓடிச் சுவரோரத் தூம்பின் வழியே வெளியேறும்.

தொட்டியில் ஓட்டை இல்லை. ஆனால் தொட்டி நிறைந்தால் கூரை சொட்டுகிறது. அப்படியானால் குற்றவாளி மொட்டைமாடித் தளம். மழைநீருக்கும் அதே வழிதான்.

ஆனால் மொட்டைமாடி இருப்பது வீட்டின் மறுபாதியில். கறைக்கும் அதற்கும் நடுவே குறைந்தது பதினோரடி. நீர் அத்தனை தூரம் காங்கிரீட்டுக்குள் நடந்தா வரும்?

வரும். மேனாட்டார் வீட்டையே வண்டியாக்கிச் சக்கரம் பூட்டி ஊர் சுற்றுகிறார்களே, அந்த வண்டிகளில் இது பெருந்தொல்லையாம். கூரையின் ஒரு மூலையில் முத்திரைப் பசை விட்ட இடத்தில் புகும் நீர், சட்டத்தின் ஓரமாகவே ஓடி, வேறொரு மூலையில் படுக்கையை நனைக்குமாம். அவர்கள் கண்டுபிடிக்கும் முறையும் எளியது. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நீர் ஊற்றக் கூடாது. தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடமாக மேல்நோக்கி நனைத்து, ஒவ்வொன்றுக்கும் போதிய நேரம் காத்திருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் நீர் எல்லாத் துளைகளையும் நனைத்துவிடும், உண்மைத் துளை கூட்டத்தில் மறைந்துவிடும்.

மாடிக்குப் போய்த் தளத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். தூம்புக்குப் போகும் வாட்டத்தில், நான்கு மூலைகளாக, நான்கு சிமென்ட் பூச்சுகள் தெரிந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்துவிட்டது. ஆவணி மாதத்தில் சரக்கு வைக்கத் தகரக் கொட்டகை போடலாம் என்று அப்பா நான்கு இரும்புக் கால்களுக்குத் துளை போட்டார். துளைப்பானை இரவல் வாங்கி வந்து அவரே போட்டார். பிறகு பணம் போதாமல் வேலை நின்றது. துளைகளைச் சிமென்ட் வைத்து அவரே மூடினார்.

அப்பாவை மேலே அழைத்தேன். நான்கு பூச்சுகளையும் காட்டினேன். “அப்பவே சிமென்ட் வெச்சு அடச்சுட்டனே” என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

“சோதிச்சுப் பாத்துடலாமுங்கப்பா” என்றேன்.

எங்கள் தாத்தா காலம் வரைக்கும் தோட்டவேலை செய்த குடும்பம் எங்களுடையது. அப்பா வாசல் மண்ணைக் குழைத்து, ஒவ்வொரு பூச்சைச் சுற்றியும் சாண் உயரத்துக்கு வரப்பு வைத்தார். மொட்டைமாடியில் நான்கு சிறு பாத்திகள். கீழே கறைக்கு நேராகத் தரையில் வெள்ளைப் பனியன் வேஸ்ட் துணிகளை விரித்தோம். தூம்பருகே இருந்த பாத்தியில் முதலில் நீர் நிறுத்தி இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். துணி காய்ந்தே இருந்தது. அடுத்தது, இரண்டு மணி நேரம். அதுவும் இல்லை. மூன்றாவதில் நீர் ஊற்றும் முன் அப்பா கையமர்த்தினார்.

“இரு. பச்சத்தண்ணி ஊத்துனா, சொட்டறது புதுசா, சொவத்துல முன்னயே ஊறுனதான்னு எப்படித் தெரியும்?”

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பரண் மேலிருந்து ஒரு பழைய தகர டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே நீலச் சாயப் பொடி. என் தந்தையார் ஒரு காலத்தில் சாயப்பட்டறையில் சாயம் கலக்குபவராக இருந்தவர். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டபோது வேலை இழந்த பல்லாயிரவரில் அவரும் ஒருவர். அதன் பிறகுதான் தையல் கற்றார். அந்த டப்பாவை ஏன் வைத்திருந்தார் என்று நான் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

“உப்பும் சோடாவும் போடாத சாயம் துணியக் கெட்டியாப் புடிக்காது. செவுத்துல பட்டாலும் பெயின்ட் அடிச்சு மறச்சுக்கலாம்” என்றபடி ஒரு சிட்டிகைப் பொடியை நீரில் கரைத்தார். கரைக்கும் அந்தக் கையில் பழைய லாவகம் மாறாமல் இருந்தது.

மூன்றாவது பாத்தியில் நீல நீரை ஊற்றினோம். நான் கீழே ஓடி, முதலில் மெயின் சுவிட்சை அணைத்தேன். ஈரக் கூரையில் விளக்கும் ஒயரும் இருப்பதால் தோன்றிய எச்சரிக்கை அது. ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். கூரையில் ஒயர்கள் கூடும் ஜங்ஷன் பெட்டியின் மூடியோரத்தில் ஒரு துளி திரண்டது. அது வெள்ளைத் துணியில் விழுந்தது. நீலம்.

அப்பா வந்து பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நடந்தது இதுதான். தளம் போடும்போது காங்கிரீட்டுக்குள் புதைத்த ஒயர்க் குழாய் ஒன்று மொட்டைமாடிப் பக்கத்திலிருந்து முன்னறைக்கு வருகிறது. மூன்றாவது துளை அந்தக் குழாயின் மேற்புறத்தைத் தொட்டுவிட்டது. மேலே வைத்த சிமென்ட் வெயிலில் சுருங்கி, ஓரத்தில் தலைமயிர் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. அதன் வழியே இறங்கிய நீர், காங்கிரீட்டைத் துளைக்க வேண்டிய வேலையே இல்லாமல், குழாய்க்குள் சுகமாகப் பதினோரடி பயணம் செய்து, மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே வந்து இறங்கியது. இறங்கிய இடம் அவர்களுடையது. ஏறிய இடம் எங்களுடையது.

வரவழைத்த எலக்ட்ரீசியன் ஒயர்களை உருவிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். ஓரிடத்தில் மேலுறை உரிந்து செம்பு தெரிந்தது. “இதுல தண்ணி நின்னு, அந்த ஈரத்துல யாராச்சும் கை வெச்சிருந்தா என்னங்க ஆகறது?” என்றார். நாளெல்லாம் அந்தப் பெட்டியின் கீழே இரும்பு இயந்திரத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பவர் என் தாயார். பத்து டஜன் துணியை இழந்ததற்காக நாங்கள் வருந்திக்கொண்டிருந்தோம். அந்தக் கறை வந்து எச்சரிக்காமல் இருந்திருந்தால் எதை இழந்திருப்போம் என்று எண்ணவே இப்போதும் உடல் நடுங்குகிறது.

பாத்தியில் மிச்சமிருந்த நீல நீரைத் தூம்பில் தள்ளிவிட நான் துடைப்பத்தை எடுத்தேன். அப்பா தடுத்தார். வேஸ்ட் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்தார். ஒரு சிட்டிகைச் சாயத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்டேன்.

“இது சந்துச் சாக்கடைக்குப் போவும். சாக்கடை நொய்யலுக்குப் போவும்” என்றார். சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். “அன்னிக்கு நாங்க எல்லாரும் இதத்தான் சொன்னோம். எங்க பட்டறையில கொஞ்சந்தான் விடறோம், பக்கத்துப் பட்டறைதான் நெறய விடறான்னு. பக்கத்துப் பட்டறையில கேட்டா அவன் எங்களக் கைகாட்டுவான்.”

வெள்ளியங்கிரி மலைப்பக்கம் தெளிந்த நீராகப் பிறக்கும் நொய்யல், கோவையையும் நம் ஊரையும் கடந்து காவிரியில் சேர்கிறது. பாசனத்துக்கென்று அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992இல் முடித்தார்கள். அந்த அணையில் பயிருக்கு ஆகாத சாயக்கழிவு நீர் தேங்கியது. கறை தெரிந்தது அங்கே, கீழ்மடை உழவர்களின் கிணற்றிலும் வயலிலும். துளை இருந்தது இங்கே, நம் ஒவ்வொருவர் காலடியிலும். நீதிமன்ற ஆணைக்குப் பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தினால்தான் பட்டறை நடத்தலாம் என்றாயிற்று. அந்த ஆணையால் வேலை இழந்த மனிதர், ஒரு வாளி நீல நீரைச் சாக்கடையில் விட மறுத்ததை நான் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் எனக்குக் கிடைக்காத பாடம் அது.

அன்று மாலை அப்பா சட்டை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். எங்கள் வீட்டு மாடிக்குச் சட்டை போட்டுக்கொண்டு அவர் போனதை அன்றுதான் கண்டேன். நானும் பின்னால் போனேன்.

“காலி பண்ண வேண்டாமுங்க. தப்பு எங்க மேல. நான் போட்ட ஓட்டை” என்றார்.

மேல்வீட்டுக்காரர் ‘பரவாயில்லை’ என்பதுபோல் தலையசைத்தார். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. “பதினஞ்சு நாள் தூக்கம் இல்லை அண்ணா” என்றார். அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. தலை குனிந்தபடி நின்றார். அந்தப் பதினைந்து நாளில் பென்சிலும் நோட்டுமாக நான் மகிழ்ச்சியாகத் துப்பறிந்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் ஆராய்ச்சிக்கு நான் கேட்ட அவகாசம் அவர்களுக்குத் தூக்கமற்ற இரவுகளாக இருந்திருக்கிறது. குளியலறை குற்றமற்றது என்று தெரிந்த அன்றே நான் மேலே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு நடந்தது பழுதுபார்ப்பு. துளைகளை அகலமாகக் கொத்தி, தூசு போகக் கழுவி, நீர்புகா மருந்து கலந்த கலவையை அடிவரை இட்டு நிரப்பினோம். அந்த ஒயர்க் குழாயைக் கைவிட்டுச் சுவரின் மேலாகவே புது ஒயர் இழுத்தோம். ஒரு பகல் ஓர் இரவு முழுதும் மாடியில் நீரைத் தேக்கிச் சோதித்தோம். கீழே துணி காய்ந்தே இருந்தது. மாடித்தொட்டிக்கு மிதவை வால்வு ஒன்றும், நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் கருவி ஒன்றும் மாட்டினோம். பவானியிலிருந்தும் காவிரியிலிருந்தும் நெடுந்தூரம் குழாயில் ஏறி வரும் நீரை அரைமணி நேரம் வீணே வழியவிட்டிருக்கிறோம் என்ற வெட்கம் அத்துடன் தீர்ந்தது.

நோயைக் கண்டால் அதன் காரணத்தை முதலில் ஆராயச் சொன்னவர் வள்ளுவர். நாம் அதைத் தேர்வுக்குப் படிக்கிறோம். ஆனால் கூரையில் ஒரு கறை தெரிந்தால் நேர் மேலே யார் இருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறோம். அங்கே நம் மொழி பேசாதவரோ, வாடகைக்கு இருப்பவரோ, திருப்பிக் கேட்க முடியாதவரோ இருந்துவிட்டால் தேடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. நீர் பள்ளம் பார்த்து ஓடுவது இயற்கை. பழியும் அப்படியே எளியவரை நோக்கி ஓடுகிறது. நீரின் வழியை மாற்ற முடியாது. பழியின் வழியை நாம் மாற்றலாம்.

நண்பர்களே! பொங்கலுக்கு முன்னறைக்கு வெள்ளையடித்தோம். பென்சில் கோடுகளும் தேதிகளும் இருந்த அந்தக் கூரைப் பகுதியை மட்டும் அடிக்காமல் விடச் சொன்னார் அப்பா. யாராவது வந்து கேட்டால், “அது நான் போட்ட ஓட்டைக்கு எம் பையன் எழுதுன கணக்குங்க” என்கிறார்.